எரிமலை இல்லாத மலையில் குகைகள்

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் கொல்லிமலையின் மேல்தளம் வருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டே வருவார்கள். பெரியவர்களில் பாதிப்பேர் தலைசுற்றலுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் கொல்லிமலையைப் புரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டியது அந்த வளைவுகளில் சாலைக்காக வெட்டிய பாறைச் சுவரைத்தான்.

வண்டியை ஓரம்கட்ட இடம் கிடைத்தால் இறங்கிப் பாருங்கள். வெயிலும் மழையும் பட்ட பக்கம் பழுப்பேறி, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். புதிதாக உடைந்த பக்கம் பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில், லேசான எண்ணெய்ப் பளபளப்போடு மினுங்கும். கண்ணை அருகில் கொண்டுபோனால் நீலம் ஓடிய குவார்ட்ஸ் மணிகளும் கறுத்த பைராக்சின் மணிகளும் ஒன்றோடொன்று இறுகிக் கிடப்பது தெரியும். எங்கும் துளை கிடையாது, குமிழ் கிடையாது. இதன் பெயர் சார்னோகைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது இதே கல். ஏற்காட்டிலும் நீலகிரியிலும் இதே குடும்பம்தான். கல்கத்தா நகர வரலாற்றில் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்திலிருந்து போன இந்தக் கல்லால் ஆனது. 1890களில் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கும் வைத்துவிட்டார்.

கொல்லிமலைக்குப் போய்வந்த பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இது ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா? கேள்விக்குக் காரணம் இங்குள்ள குகைகள். ஆகாய கங்கை அருவிக்கு அப்பால் காட்டுக்குள் கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று சித்தர்கள் பெயரால் வழங்கும் இடங்கள் இருக்கின்றன. சுற்றுப்புறச் சமவெளியிலிருந்து சட்டென்று எழுந்து நிற்கும் மலை, மேலே தளம்போல விரிந்த நிலம், நடுவே இருண்ட குகைகள். ஹவாய், மொரிஷியஸ் போன்ற தீவுகளின் எரிமலைக் குகைகளைப் படத்தில் பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

விடை, இல்லை என்பதுதான். ஆனால் வெறுமனே இல்லை என்று சொல்லி நகர்ந்தால் நல்ல விஷயம் கைநழுவிப் போகும். குகை என்பது பாறைக்குள் இருக்கும் வெற்றிடம். அந்த இடம் எப்படிக் காலியானது என்று கேட்டால், சுற்றியுள்ள பாறையின் பிறப்பே வெளிவந்துவிடும். உலகத்துக் குகைகளைப் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடக்கலாம். ஓடிப் போனதால் காலியானவை, கரைந்து போனதால் காலியானவை, உடைந்து விலகியதால் காலியானவை. முதல் வகையைப் பார்க்கத் தீவுகளுக்குப் போக வேண்டும்.

ஹவாயின் பெரிய தீவில் கீலவேயா எரிமலையின் சரிவில் கசுமுரா என்றொரு குகை இருக்கிறது. நீளம் சுமார் 65 கிலோமீட்டர். உயரத்தில் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். இதைக் குடைந்தது தண்ணீரும் இல்லை, மனிதரும் இல்லை. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் ஓடிய எரிமலைக் குழம்பு தனக்குத்தானே போட்டுக்கொண்ட குழாய் இது.

பசால்ட் வகைக் குழம்பு வெளியே வரும்போது 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும். தேனைவிடக் கெட்டி என்றாலும் சரிவில் நன்றாகவே ஓடும். அப்படி ஒரு வாய்க்காலாக ஓடும்போது காற்றுப் பட்ட மேற்பரப்பு முதலில் ஆறுகிறது. காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி மேலே ஒரு தோல் படிகிறது. தோல் தடித்து ஓடாகி, இரு கரைகளிலிருந்தும் வளர்ந்து நடுவில் ஒட்டிக்கொண்டால் வாய்க்காலுக்குக் கூரை போட்டாயிற்று. பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே கூரைக்குக் கீழே ஓடும் குழம்பு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டிகிரி அளவில்தான் சூட்டை இழக்கிறது. திறந்த வெளியில் சில கிலோமீட்டரிலேயே உறைந்து நின்றிருக்கும் குழம்பு, இந்த மூடிய வழியில் பல பத்துக் கிலோமீட்டர் போய்க் கடலிலேயே விழுந்துவிடுகிறது. ஹவாய்த் தீவுகள் இவ்வளவு அகலமாக, இவ்வளவு மென்மையான சரிவோடு வளர்ந்ததற்கு இந்தக் குழாய்களே பெரிய காரணம்.

எரிமலை ஓய்ந்ததும் மேலிருந்து வரத்து நிற்கிறது. உள்ளே இருப்பது கீழே வடிந்துவிடுகிறது. குழாய் மட்டும் நிற்கிறது.

இப்படிப்பட்ட குகைக்குள் போகிறவர் விளக்கைச் சுவர்மீது சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் இடுப்பளவில், முழங்காலளவில் கிடைக்கோடுகள் ஓடும். குழம்பின் மட்டம் படிப்படியாகத் தாழ்ந்து, கொஞ்ச நாள் நின்ற இடமெல்லாம் ஒரு விளிம்பை விட்டுப்போயிருக்கும். கூரையில் சுறாப் பற்களைப் போலக் குட்டையாக, பளபளப்பாகத் தொங்கும் துளிகள் மீண்டும் உருகிய பாறை. தரையில் சில இடங்களில் கயிறு முறுக்கியது போன்ற அலை இருக்கும். கூரை இடிந்து விழுந்த இடத்தில் வானம் தெரியும். அங்கே வேர்கள் இறங்கும், பெரணி முளைக்கும். சுவரை உடைத்துப் பார்த்தால் சிறுசிறு குமிழ்த் துளைகள். குழம்பிலிருந்து வாயு வெளியேறிய தடம் அது. கொல்லிமலைப் பாறையில் இந்தத் துளைகளைத் தேடிக் கிடைக்காததை இங்கே நினைவில் வையுங்கள்.

தமிழருக்கு நெருக்கமான எரிமலைத் தீவுகள் ஹவாயைவிடப் பக்கத்தில் இருக்கின்றன. மொரிஷியஸ் முழுவதும் பசால்ட். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே போனார்கள். 1834-க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கானோர் போனார்கள். இன்றும் அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. நம்மவர்கள் கல் பொறுக்கிக் குவித்துக் கரும்பு நட்ட அந்த நிலத்துக்கு அடியில் பல இடங்களில் எரிமலைக் குழாய்கள் ஓடுகின்றன. வெளிச்சம் புகாத அந்தக் கூரைகளில் உழவாரன் குடும்பத்துச் சிறு பறவை ஒன்று, எச்சிலால் ஒட்டிய கூடுகளில் குஞ்சு பொரிக்கிறது. இருட்டில் நாக்கைச் சொடுக்கிய மாதிரி ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கும் பறவை அது. மொரிஷியஸிலும் ரீயூனியனிலும் மட்டுமே வாழ்கிறது. குகை கெட்டால் அதற்குப் போக வேறு இடமில்லை. கூடுகளைத் திருடுவதும், குகை வாயில்களில் குப்பை கொட்டுவதும் அங்கே பெரிய கவலையாக இருந்து வருகின்றன.

பக்கத்துத் தீவான ரீயூனியனில் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை ஏறக்குறைய ஆண்டுதோறும் பொங்குகிறது. 2004-இல் ஓடிக் கடலைத் தொட்ட குழம்பு விட்டுச் சென்ற குழாய்களுக்குள் இன்று சுற்றுலாப் பயணிகள் தலைக்கவசமும் நெற்றி விளக்கும் முழங்கால் உறையும் அணிந்து தவழ்ந்து போகிறார்கள். இருபதைக் கொஞ்சம் தாண்டிய இளைஞரின் வயதுதான் அந்தக் குகைக்கு. உலகில் மிக இளைய குகைகளில் நிற்க வேண்டுமென்றால் இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்தத் தீவுகளுக்கும் இந்தியாவுக்கும் மண்ணுக்கடியிலும் உறவு உண்டு. ரீயூனியனுக்குக் கீழே ஆழத்திலிருந்து சூடு மேலெழும் இடம் ஒன்று இருக்கிறது. அது ஏறக்குறைய நிலையாக நிற்க, மேலே நிலத்தட்டுகள் நகர்ந்து போகின்றன. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தின் மேல் இருந்தது இந்தியா. அப்போது பொங்கியதுதான் தக்காணப் பசால்ட். இன்றைக்கு மகாராஷ்டிரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மூடிக்கிடக்கிறது. எல்லோராக் குடைவரைகள் அந்தக் கல்லில்தான் வெட்டப்பட்டன. இந்தியா வடக்கே நகர நகர, லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று கடலடியில் ஒரு தடம் விழுந்தது. மொரிஷியஸ் தோன்றி சுமார் 80, 90 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தடத்தின் கடைசிப் புள்ளி ரீயூனியன்.

தக்காணப் பசால்ட் தெற்கே வட கர்நாடகத்தோடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டை அது தொடவே இல்லை. இன்று இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. 150 ஆண்டுக்கு மேலான உறக்கத்துக்குப் பின் 1991-இல் விழித்தது. அந்தமானுக்கு விடுமுறையில் போகிறவர்கள் பாராடாங் தீவில் குகை பார்த்துவிட்டு வருகிறார்கள். அதே தீவில் சேறு கொப்பளிக்கும் குழிகளும் இருப்பதால் அதை எரிமலைக் குகை என்று நினைத்துக்கொள்வதுண்டு. அது சுண்ணாம்புக்கல் குகை.

ஆக, இரண்டாவது வகைக்கு வந்துவிட்டோம். மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லின் இடுக்கில் இறங்கி அதைக் கரைத்துக்கொண்டு போகிறது. கரைந்த சுண்ணாம்பு உள்ளே கூரையிலிருந்து சொட்டும்போது மறுபடியும் படிந்து, மேலிருந்து தொங்கும் தூணாகவும் கீழிருந்து வளரும் தூணாகவும் ஆகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையிலேயே, ஆந்திரத்தின் அனந்தகிரியில் உள்ள போரா குகை இப்படித்தான் உண்டானது. கொல்லிமலையும் அதே தொடர்தான். ஆனால் மலைத்தொடர் ஒன்று என்பதால் குகையும் ஒன்றாகிவிடாது. அங்கே சுண்ணாம்புக்கல் இருக்கிறது, இங்கே இல்லை.

இப்போது நம் பாறைக்குத் திரும்புவோம். கொல்லிமலையின் சார்னோகைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அதிலுள்ள கனிமங்கள் தரையின்மேல் உருவாக முடியாதவை. 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில், மேலுள்ள பாறையின் எடை முழுவதும் அழுத்த, தண்ணீர்ச் சத்து ஏறக்குறைய வற்றிப்போன நிலையில் மட்டுமே இந்தக் கலவை நிலைபெறும். அவ்வளவு அழுத்தத்தில் குமிழ் எங்கே வரும்? குழம்பாக ஓடி வடிய இடமேது? நாம் இன்று பஸ்ஸில் ஏறிப் போவது ஒரு காலத்து நிலமேலோட்டின் அடித்தளத்தின் மீது. மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் காலப்போக்கில் தேய்ந்து, மணலாகிக் கடலுக்குப் போய்விட்டது. எனக்கு இந்த ஒரு செய்தி போதும், கொல்லிமலையை எந்த எரிமலைத் தீவுக்கும் மேலாக மதிக்க.

மேலே இருந்த சுமை குறையக் குறைய, அமுங்கிக் கிடந்த பாறை நிமிர்கிறது. நிமிரும்போது விரிசல் விடுகிறது. செங்குத்தாகச் சில, கிடையாகச் சில. கொல்லிமலையில் ஆண்டுதோறும் நல்ல மழை. மழைநீர் விரிசல் வழியே இறங்கி, ஃபெல்ஸ்பார் கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது. நான்கு பக்கமும் விரிசல் சூழ்ந்த ஒரு துண்டில் மூலைகள்தான் முதலில் இற்றுப்போகும், அங்கே மூன்று பக்கத்திலிருந்தும் தண்ணீர் தாக்குவதால். மூலை மழுங்கி மழுங்கி உள்ளே ஓர் உருண்டைப் பாறை மிஞ்சுகிறது. களிமண்ணாகவும் செம்மண்ணாகவும் ஆன மிச்சத்தை ஓடைகள் அரித்துச் செல்கின்றன. உருண்டைகள் பிடிமானம் இழந்து சரிகின்றன. வீடளவுப் பாறை ஒன்று இன்னொன்றின்மேல் சாய்ந்து நிற்க, அடியில் ஓர் இடம் கிடைக்கிறது. செங்குத்து விரிசல் அகன்று, மேலே ஒரு பலகைப் பாறை அடைத்துக்கொண்டால் அதுவும் ஓர் அறை.

மூன்றாவது வகை இதுதான்; சார்னோகைட் மலையில் குகை இப்படித்தான் அமையும். ஆகவே கொல்லிமலைக் குகைக்குள் நுழைகிறவர், கோணல்மாணலான வாயில், ஓரிடத்தில் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம், அடுத்த அடியிலேயே குனிய வேண்டிய தாழ்வு, பாறைகளுக்கிடையே எதிர்பாராமல் விழும் வெளிச்சக் கீற்று என்பவற்றைப் பார்ப்பார். சுவரில் மட்டக் கோடுகள் இருக்காது. கூரையில் சுண்ணாம்புத் தொங்கல் இருக்காது. கசியும் தண்ணீர் விட்ட துருக்கறையும் பாசியும்தான் இருக்கும். இரும்புச் சத்துள்ள பைராக்சின் இற்றுப்போவதால் வரும் கறை அது.

அதே தேய்வு மலையின் மேல்தளத்தில் வேறொரு வேலையும் செய்திருக்கிறது. ஃபெல்ஸ்பாரிலிருந்து சிலிக்காவையும் மற்றவற்றையும் மழை நீண்ட காலம் கழுவிக்கொண்டே போனதில் அலுமினியச் சத்து மட்டும் பின்தங்கி, பாக்சைட்டாகக் குவிந்தது. ஏற்காட்டைப் போல இங்கும் அலுமினியத்துக்காகப் பாக்சைட் வெட்டினார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் தலைமுறை தலைமுறையாக விளைந்த செம்மண்ணும் அந்தப் பாறை இற்று வந்ததுதான். அய்யாறு சுமார் 300 அடி குதித்து ஆகாய கங்கையாக விழுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கினால்தான் அருவியின் அடி. அவ்வளவு கடினமான கல்லாக இல்லாவிட்டால் அந்த உயரம் எப்போதோ சரிந்து சாய்வாகியிருக்கும். விழுந்த தண்ணீர் புளியஞ்சோலை வழியே திருச்சிச் சமவெளிக்குப் போகிறது, கொஞ்சம் கொல்லிமலையையும் கரைத்து எடுத்துக்கொண்டு.

சித்தர்கள் இந்தக் குகைகளில் இருந்தார்கள் என்ற நம்பிக்கையில் புவியியலுக்கு எந்தத் தகராறும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், தங்குவதற்கு இப்படிப்பட்ட பாறைக் குகைகளே ஏற்றவை. தடித்த கல் பகல் சூட்டை மெதுவாக வாங்கி இரவில் மெதுவாக விடும். பல திறப்புகள் இருப்பதால் காற்று நிற்காது. பக்கத்தில் ஓடை இருக்கும். மூலிகைக்கும் குறைவில்லை.

இனி, நிலவுக்கு. எரிமலைக் குழாயும் நாமக்கல் மாவட்டமும் சந்திக்கும் இடம் அதுதான்.

நிலவில் நாம் கறுப்பாகக் காணும் பகுதிகள் பழைய பசால்ட் சமவெளிகள். ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு என்பதால், அங்கே குழாயின் கூரை எவ்வளவோ அகலமாக இருந்தாலும் இடியாமல் தாங்கும். ஜப்பானின் காகுயா விண்கலம் 2009-இல் மாரியஸ் குன்றுப் பகுதியில் சுமார் 65 மீட்டர் அகலமுள்ள ஒரு குழியைக் காட்டியது. நம் சந்திரயான்-1 எடுத்த படங்களை ஆராய்ந்த அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர், இடியாமல் நிற்கும் ஒரு குழாய், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது, புயல்களின் பெருங்கடல் எனப்படும் சமவெளியில் இருப்பதாக 2011-இல் எழுதினார்கள். 2024-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், நாசா விண்கலம் 2010-இல் எடுத்த ரேடார் பதிவுகளைத் திரும்பப் படித்து, அமைதிக் கடல் பகுதியின் ஒரு குழியிலிருந்து உள்ளே குகை போவதைக் காட்டினார்கள். நிலவின் மேற்பரப்பு பகலில் 120 டிகிரிக்கு ஏறி, இரவில் உறைநிலைக்குக் கீழே நூறு டிகிரிக்கும் மேல் இறங்குகிறது. அதே குழியின் நிழல் விழும் பகுதியில் மட்டும் எப்போதும் 17 டிகிரி அளவில் நிற்கிறது என்று வேறு ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். கதிர்வீச்சும் விண்கல் துகளும் எட்டாத இடம். நிலவில் மனிதர் நெடுநாள் தங்கினால் முதலில் தேடப்போவது இப்படி ஒரு குகையைத்தான்.

அதே நிலவின் வெளிறிய மேட்டுப்பகுதி அனார்த்தசைட் என்ற பாறையால் ஆனது. சந்திரயான்-2, சந்திரயான்-3 கலங்களின் தரையிறக்கத்தையும் உலாவியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு அந்த மேட்டுமண் போன்ற மண் தேவைப்பட்டது. கிடைத்த இடம் நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்கள். சித்தம்பூண்டியின் அனார்த்தசைட்டுக்கும் வயது 250 கோடியைச் சுற்றித்தான். கொல்லிமலைப் பாறையின் சம வயதுக்காரர். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களும் சேர்ந்து தேடிக் கண்டடைந்த அந்தக் கல்லை அரைத்து, டன் கணக்கில் பெங்களூருவுக்கு அனுப்பினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் நிலவில் இறங்கிய இடத்தில் பிரக்யான் உலாவி மண்ணை ஆராய்ந்தபோது, அது அனார்த்தசைட் சார்ந்த மண் என்றே தெரிந்தது.

கொல்லிமலைக் குகைகளுக்குப் போகிறவர்கள் வனத்துறையின் அனுமதியையும் வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரையும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காடு அவர்கள் புழங்கும் இடம். எந்தப் பாறை அசையும், எந்த முகட்டில் மலைத்தேனீ கட்டியிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். மழை பெய்திருந்தால் போகாதீர்கள். உள்ளே கற்பூரமோ தீப்பந்தமோ வேண்டாம். புகை கல்லைக் கறுக்கவைக்கும், வௌவால்களை விரட்டிவிடும். பாறையில் பெயர் எழுதுவது 250 கோடி ஆண்டுப் பொருளைக் கெடுப்பது. அதைச் செய்கிறவரைக் கண்டால் தயங்காமல் தடுங்கள்.

ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பரங்கிமலைச் சார்னோகைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அதே கல்லால் ஒரு முழு மலை நாமக்கல்லில் நிற்கிறது. அதே மாவட்டத்தில் நிலவுக்கு ஒப்பான கல்லும் கிடக்கிறது. கொல்லிமலைக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் பள்ளிகள் சித்தம்பூண்டியையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட முடியும்.